வியாழக்கிழமை ஷூ

"சரியாயிடும்" என்ற ஒரு சொல்லை அந்த அம்மா வாயிலிருந்து வரவழைக்க எங்கள் மலையில் முயற்சி செய்யாத ஆளே இல்லை. கெஞ்சிப் பார்த்தார்கள், அழுது பார்த்தார்கள், தேன் பாட்டில் கொடுத்துப் பார்த்தார்கள். ஒருத்தர் சண்டையே போட்டார். ஊகூம். "இன்னிக்கு எப்டி இருக்குன்னு கேளுங்க, சொல்றேன். நாளைக்கு எப்டி இருக்கும்னு எனக்கு இன்னா தெரியும்" என்பார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவர் டாக்டர் இல்லை. பிசியோதெரபி படித்தவர். நாங்கள் டாக்டரம்மா என்று கூப்பிட்டால், "டாக்டர் வேற, நான் வேற" என்று ஒவ்வொரு தடவையும் திருத்துவார். வாணியம்பாடி முஸ்லிம் வீட்டுப் பெண். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். வியாழக்கிழமைதோறும் காலை பஸ்ஸில் ஒடுகத்தூர் வந்து இறங்குவார். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, தோளில் ஒரு கனமான பையோடு என் ஜீப்பின் முன் சீட்டில் ஏறுவார். மலைக்கும் ஒடுகத்தூருக்கும் ஷேர் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்த என்னை ஆஸ்பத்திரிக்காரர்கள் வியாழக்கிழமைக்கு மட்டும் பேசி வைத்திருந்தார்கள். நடக்க முடியாதவர்கள், கால் மரத்தவர்கள், படுத்த படுக்கையாய் இருப்பவர்கள் என்று வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது அவர் வேலை. கொண்டுபோய் விடுவது என் வேலை.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினது தெரிந்தால் போன் போட்டுத் திட்டுவார். திட்டினாலும் பரவாயில்லை, அந்தக் குரலையாவது கேட்கலாம் என்றுதான் இருக்கிறது. வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார் என்கிறார்கள். என்னிடம் இருக்கிற நம்பர் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொல்கிறது. இப்போது என் ஜீப்பை என் மச்சான் ஓட்டுகிறான். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் கியர் போடுகிற லட்சணத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். என் இடது காலால் கிளட்ச் மிதிக்க முடியாது. அது ஏன் என்று சொல்வதற்கும் அந்த அம்மாவைப் பற்றிச் சொல்வதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் வாசலில் கிடக்கும் செருப்புகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பார். முதல் தடவை பார்த்தபோது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. அவருடைய அப்பா ஷூ கம்பெனியில் ஷூவுக்கு அடிப்பாகம் வெட்டுகிறவர். அந்த வீட்டில் பிறந்ததால் செருப்பு எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தே, இந்தக் காலுக்குச் சொந்தக்காரர் குதிகாலை ஊன்றுகிறாரா, விரலை இழுக்கிறாரா என்று சொல்லிவிடுவார். உள்ளே போய் நாற்காலி போட்டால் உட்கார மாட்டார். தரையில் உட்கார்ந்து, சேற்றுக்காலோ சாணிக்காலோ, எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். காலைத்தான் பார்ப்பார். முகத்தை நிமிர்ந்து பார்த்து நான் கண்டதில்லை.

ஒரு சாமைக் களையெடுப்பின்போது நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்குக் காலையில் எழுந்தால் வலது பாதம் தூக்க வரவில்லை. நடந்தால் விரல் தரையில் இழுபடுகிறது. வலி கிலி எதுவும் இல்லை. யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று அவள் புருஷன் கருப்புக் கோழிக்கு ஆள் அனுப்பிவிட்டான். அந்த நேரம் பார்த்து நாங்கள் போய்ச் சேர்ந்தோம்.

"எத்தினி நாளா குந்திக்கினு களை எடுத்த?"

"நாலு நாளுங்க. பொழுது சாயறவரைக்கும்."

முழங்காலுக்குக் கீழே, வெளிப்பக்கம் எலும்பு துருத்திக்கொண்டிருக்கிற இடத்தில் கட்டை விரலை வைத்து அழுத்தினார். அந்தப் பெண் துள்ளி விழுந்தாள்.

"இங்கதான் நசுங்கிக்கினு இருக்கு. பாதத்தைத் தூக்கற நரம்பு இந்த எலும்ப ஒட்டித்தான் போவுது. நாலு நாள் குந்தினா அது இன்னா பண்ணும்? கோழி வேணாம். குந்தாத, அது போதும்" என்றவர் என் பக்கம் திரும்பி, "அண்ணா, பழைய டியூப் இருக்கா?" என்றார். ஸ்டெப்னி டியூபில் ஒட்டுப்போட முடியாமல் வைத்திருந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். வார் வாராக வெட்டி, பாதத்தையும் கெண்டைக்காலையும் சேர்த்து, விரல் தொங்காதபடி ஒரு கட்டுக் கட்டினார்.

"சரியாயிடுமாங்க?" என்றான் புருஷன்.

"தெரியாதுங்க. ரெண்டு மாசத்துல கட்டை விரல் மேல வருதான்னு பாக்கலாம்."

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "மந்திரவாதி பதினோரு நாள்ல சரியாவும்ன்றான். படிச்சவங்க நீங்க தெரியாதுன்றீங்க."

"அவருக்குத் தெரியுது. எனக்குத் தெரியல" என்று பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மூன்று மாதம் கழித்து அந்தப் பெண் நன்றாக நடந்து வந்து ஒரு கூடை புளி கொடுத்தாள். குதிகாலில் மட்டும் நடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு நல்லா இருக்கு" என்றார். அவ்வளவுதான். திரும்பி வருகிற வழியில் எனக்குப் பொறுக்கவில்லை. "இப்பவாவது சரியாயிடுச்சின்னு சொல்லியிருக்கலாமே மேடம். வாய் வலிக்குதா?" என்று கேட்டேன். "அந்தச் சொல்லக் கேட்டா அடுத்த வாரம் வர மாட்டாங்க அண்ணா. நாலு பேர பாத்துட்டேன். சரியாயிடும்னு சொன்னாங்கன்னு வூட்டுலயே உக்காந்துக்குவாங்க. தெரியாதுன்னு சொன்னா பயந்துக்கினாவது வருவாங்க" என்றார்.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு பக்கத்தில் ஓட்டிக்கொண்டு வந்த மகராசன், அதாவது நான், என்ன செய்துகொண்டிருந்தான் தெரியுமா? இடது காலில் நெருப்பை வைத்துக்கொண்டு, அவருக்குத் தெரியாமல் மறைத்துக்கொண்டிருந்தான். ஒரு மழையில் டயர் மாற்றும்போது கணுக்கால் பிசகியது. வீக்கம் வடிந்தது, எரிச்சல் தொடங்கியது. உள்ளங்கால் முழுக்க மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி எரியும். எங்கள் ரோட்டில் வளைவுக்கு வளைவு கிளட்ச் மிதிக்க வேண்டும். பெடலில் ரப்பர் தேய்ந்து போய் வெறும் இரும்புதான் இருந்தது. ஒடுகத்தூர் ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தினதும் டீக்கடை வாளித் தண்ணீரில் காலை விட்டுக்கொள்வேன். டீ மாஸ்டர், "இன்னாபா, காலுக்கு டீ போடட்டுமா" என்று கிண்டல் பண்ணுவார். மலையில் பஸ் வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை. பிரசவம், பாம்புக்கடி, சந்தை எல்லாம் என் ஜீப்தான். என் வீட்டு அடுப்பும் அதில்தான் எரிகிறது. அந்த அம்மாவிடம் காட்டினால் ஓட்டாதே என்று சொல்லிவிடுவார். அதுதான் பயம்.

அதனால் மாரியம்மனிடம் போனேன். கால் சரியாகிற வரைக்கும் செருப்புப் போடுவதில்லை என்று நேர்ந்துகொண்டேன். வெறுங்காலோடு அந்த இரும்பை மிதித்தேன். எந்த அறிவாளியாவது செய்வானா? நான் செய்தேன்.

ஒரு வியாழக்கிழமை ஏற்றத்தில் போய்க்கொண்டிருக்கிறோம். பின்னால் சந்தைக்குப் போய்த் திரும்புகிற பன்னிரண்டு பேர்.

"அண்ணா, ஓரங்கட்டுங்க."

"இன்னா மேடம்?"

"ஒவ்வொரு வளைவுலயும் வண்டி தூக்கிப் போடுது. போன மாசம் இப்டி இல்ல."

"கிளட்ச் பிளேட் தேஞ்சிடுச்சி மேடம்."

"பிளேட்டா காலான்னு பாத்துடலாம். எறங்குங்க."

ரோட்டோரக் கல்லில் என்னை உட்கார வைத்து, தரையில் உட்கார்ந்து என் காலை மடியில் வாங்கிக்கொண்டார். முதலில் வேட்டியை விலக்கிக் கால், தொடை, கை என்று தோலில் தேமல் இருக்கிறதா என்று தேடினார். கணுக்காலுக்குப் பின்னால் நரம்பு தடித்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். அவர் தேடுவது தொழுநோயை என்று எனக்குப் புரிந்தது. ஜீப்பில் பேச்சே நின்றுவிட்டது. "அந்த நோய் இல்ல. இது எனக்கு நல்லாத் தெரியும், அதனால சொல்றேன்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்.

பிறகு கணுக்காலின் உள்பக்க எலும்புக்குப் பின்னால் ஒரு விரலால் தட்டினார். டொக் டொக் என்று கதவைத் தட்டுகிற மாதிரிதான். அங்கே தட்டினால் கட்டை விரல் நுனியில் கரண்ட் அடித்தது. கத்திவிட்டேன்.

"இந்த எலும்புக்குப் பின்னால ஒரு குறுகலான வழி இருக்கு அண்ணா. உங்க ஜீப்ப நெனச்சிக்கோங்க. பத்து பேர் போற வண்டியில இருபது பேர். எல்லாரும் ஒரே ஆள் மேல உக்காந்திருக்காங்க. அந்த ஆள்தான் நரம்பு. பிசகினப்போ உள்ள வீங்கியிருக்கு. அதோட நீங்க கிளட்ச மிதிக்க மிதிக்க இன்னும் நசுங்குது."

கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் விரல்களைத் தொட்டார். ஐந்தில் இரண்டு விரலைத் தொட்டது எனக்குத் தெரியவில்லை. அதைக் குறித்துக்கொண்டார்.

"சரியாயிடுமா மேடம்?" கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டேன். அவரவர் கால் என்று வந்தால் தெரிகிறது.

"தெரியாது அண்ணா. வலி இருக்கு இல்ல, அது வரைக்கும் நல்லது. நரம்பு கத்திக்கினு இருக்குன்னு அர்த்தம். கத்தறத நிறுத்தினாதான் எனக்குப் பயம்."

ஆறு வாரம் வண்டி ஓட்டக் கூடாது என்றார். வேலூருக்குப் போய் நரம்புக்குக் கரண்ட் வைத்து டெஸ்ட் எடுக்கணும், தேவைப்பட்டால் ஆபரேஷன் பண்ணி அந்த வழியை அகலமாக்கலாம், சீக்கிரம் போனால்தான் பலன் என்றார். ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். ஜீப் கண்ணாடிக்கு மேலே வெயிலுக்கு மறைக்கிற தட்டில் அதைச் செருகி வைத்தேன். அடுத்த வாரமே ஒரு ஷூ கொண்டுவந்தார். பாதத்தின் உள்வளைவுக்குக் கீழே மேடாக வருகிற மாதிரி, அப்பாவிடம் ரப்பர் வாங்கி அவரே வெட்டி ஒட்டின ஷூ. காலை உள்பக்கம் சாயவிடாமல் தாங்கும், நரம்புக்கு இழுப்புக் குறையும், ஓட்டித்தான் தீருவேன் என்றால் இதைப் போடாமல் பெடலைத் தொடாதீர்கள் என்றார்.

ஒரு பக்கம் அம்மன், ஒரு பக்கம் இந்த அம்மா. நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். வாரத்தில் ஆறு நாள் ஷூ சீட்டுக்கு அடியில் இருக்கும். வியாழக்கிழமை காலை அவர் பஸ் வரும்போது மாட்டிக்கொள்வேன். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்த் தப்புக்குக் கற்பூரம் ஏற்றி, கன்னத்தில் போட்டுக்கொள்வேன். இரண்டு மாதம் இப்படி ஓட்டினேன். "வேலூர் போனீங்களா?" என்று ஒவ்வொரு வியாழக்கிழமையும் கேட்பார். புளி உலுக்கினதும் போறேன் மேடம், திருவிழா முடியட்டும் மேடம், அடுத்த வாரம் மேடம். என்னிடம் காரணத்துக்குப் பஞ்சமே இல்லை.

ஒரு நாள் ஷூவைக் கழற்றச் சொல்லிக் கையை உள்ளே விட்டுப் பார்த்தார். விரல் பட்ட தடம் இல்லை, வியர்வை வாடை இல்லை. திருப்பி அடியைப் பார்த்தார். அதில் அச்சடித்த கம்பெனி எழுத்துக்கூட அழியவில்லை.

"இது வியாழக்கிழமை ஷூ" என்றார்.

திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். திட்டவில்லை. என் வீட்டுக்கு வந்து என் பெண்டாட்டியிடம் விசாரித்தார். அவள் பயந்துபோய், "அவரு நேந்துக்கினு கீறாருங்க மேடம்" என்று உடைத்துவிட்டாள். சிரிப்பார் என்று நினைத்தேன். "இத யார்கிட்ட கேட்டா மாத்தலாம்?" என்று கேட்டார்.

அன்றைக்கே எங்கள் கோயில் வாசலுக்கு வெளியே வந்து நின்றார். பூசாரி எனக்குப் பெரியப்பா முறை. எங்கள் வழக்கப்படி பூக் கேட்பது என்று ஏற்பாடாயிற்று. சிவப்பு அரளி ஒரு பொட்டலம், வெள்ளை அரளி ஒரு பொட்டலம், இலையில் மடித்து அம்மன் காலடியில் போடுவார்கள். ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் ஆத்தா சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. இவன் ஷூ போடலாமா என்று கேட்டார் பெரியப்பா. என் பெண்டாட்டி எடுத்தாள். சிவப்பு. நேர்த்திக்கடனைப் பெண்டாட்டி எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். மறுபடி சிவப்பு. அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

வெளியிலிருந்து அந்த அம்மா பேசினார். "நான் எடுத்துக்கறேன்னு கேளுங்க ஐயா."

பெரியப்பா திரும்பிப் பார்த்தார். "நீங்க எப்டிம்மா?"

"கும்பிட மாட்டேங்க, எங்களுக்கு அது வழக்கம் இல்ல. நடக்கறேன். வியாழக்கிழமை மலையில இருக்கற வரைக்கும் செருப்பு போட மாட்டேன். இவர் கால் சரியாகற வரைக்கும். அது போதுமான்னு கேளுங்க."

பெரியப்பா மறுபடி பொட்டலங்களை மடித்துப் போட்டார். பிறகு கேட்டார். வெள்ளை வந்தது.

அன்றைக்குச் செருப்பைக் கழற்றி என் சீட்டுக்கு அடியில் வைத்தவர்தான். வாரா வாரம் ஜீப் மலையில் நின்றதும் கழற்றுவார், ஒடுகத்தூருக்கு இறங்கின பிறகுதான் மாட்டுவார். ஜீப் போகாத ஊர்களுக்குக் கல்லிலும் முள்ளிலும் நடப்பார். டவுன் கால், தாங்குமா? குதிகாலில் வெடித்து, பஞ்சை ஒட்டிக்கொண்டு நடந்தார். பூட்ஸ் போட்டுக்கொண்டு பின்னால் நான். "டிரைவரு தொர மாதிரி வர்றாரு, டாக்டரம்மா வெறுங்காலு" என்று ஊரே சிரித்தது. எனக்குப் பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று இருந்தது. "இதுல உங்களுக்கு நம்பிக்கை இருக்கா மேடம்?" என்று ஒரு தடவை கேட்டேன். "நீங்க ஷூ போடணும். அதுக்கு இன்னா பண்ணணுமோ அதப் பண்றேன்" என்றார். அதன் பிறகு அந்த ஷூவை நான் ஒரு நாள்கூடக் கழற்றவில்லை, சத்தியமாக. வண்டியை மட்டும் நிறுத்தவில்லை. கடிதமும் தட்டிலேயே இருந்தது.

ஐந்தாவது வாரத்தில் எரிச்சல் நின்றுவிட்டது. குறைந்தது இல்லை, சுத்தமாக நின்றுவிட்டது. வாளியில் காலை விடவில்லை. டீ மாஸ்டருக்கே ஆச்சரியம். ஊர் முழுக்கச் சொன்னேன். கோயிலில் தேங்காய் உடைத்தேன், பெரியப்பா காலில் விழுந்தேன். அந்த வாரம் ஒரு வளைவில் கால் பெடலை விட்டு நழுவினது, நழுவினதே எனக்குத் தெரியவில்லை, வண்டி உறுமின பிறகுதான் பார்த்தேன். ஷூ புதுசு, வழுக்குகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை மலையேறினதும் அவர் செருப்பைக் கழற்றப் போனார். "இருங்க மேடம், இன்னிக்கி அதுக்கு வேலை இல்ல" என்று சொல்லிவிட்டு, அந்தப் பழைய கல்லில் நானே போய் உட்கார்ந்து காலை நீட்டினேன். சிரிப்பை அடக்க முடியவில்லை. "தட்டிப் பாருங்க. வலி போச்சு."

அவர் வழக்கம்போலச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தார். கணுக்காலுக்குப் பின்னால் தட்டினார். கரண்ட் இல்லை. மறுபடி தட்டினார். கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே தட்டினார். உள்ளங்காலில் தசை வற்றிப் பள்ளமாக இருந்த இடத்தைத் தடவினார்.

"கண்ண மூடிக்கோங்க அண்ணா. தொட்டா சொல்லுங்க."

மூடிக்கொண்டேன். காத்திருந்தேன். பின்னால் ஜீப்பில் யாரோ இருமினார்கள். இவர் பையில் பஞ்சைத் தேடுகிறார் போல என்று நினைத்தேன்.

"ஆரம்பிங்க மேடம்."

காலை இன்னும் கொஞ்சம் நீட்டினேன்.

"தொடுங்க மேடம்."

"தொட்டுக்கினுதான் இருக்கேன் அண்ணா."

கண்ணைத் திறந்தேன். பேனா ரீபிலின் முனை என் பாதத்தில் பதிந்து, தோல் குழிந்து போயிருந்தது. அது வேறு யாருடைய காலோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததை ஒப்புக்கொள்ள மனது வரவில்லை.

"வலி இல்ல இல்லிங்களா மேடம். அப்போ சரியாயிடுச்சின்னுதானே அர்த்தம்? ஒரு தடவ சொல்லுங்க. ஊர்ல யாருக்கும் சொல்ல வேணாம். எனக்கு மட்டும் சொல்லுங்க."

அவர் தலையை நிமிர்த்தினார். அத்தனை வியாழக்கிழமைகளில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"சரியாயிடும் அண்ணா" என்றார்.

நான் எழுந்து போய், சீட்டுக்கு அடியிலிருந்து அவருடைய செருப்பை எடுத்து, மேல்துண்டால் துடைத்துக் கொண்டுவந்தேன். "அப்போ நேர்த்திக்கடன் முடிஞ்சிடுச்சி மேடம். போட்டுக்கோங்க" என்று நீட்டினேன்.

வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு ஜீப்புக்குப் போய், குனிந்து, அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, தட்டில் செருகியிருந்த கடிதத்தை உருவி என் சட்டைப் பையில் வைத்தார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு வெறுங்காலோடு நடந்தார்.